மல்லாட்டை இலையும் பருப்பின் தோலும்

நிலக்கடலை தமிழ்நாட்டில் பெரும்பயிராகி இன்னும் 200 ஆண்டுகள் நிறையவில்லை. தென் அமெரிக்காவில், இன்றைய பொலிவியாவின் தென்பகுதியும் அர்ஜென்டினாவின் வடமேற்குப் பகுதியும் சேரும் வட்டாரத்தில், இரண்டு காட்டுச் செடிகள் இயற்கையாகக் கலந்து உண்டான பயிர் இது. பெரு நாட்டுக் கடலோரத்தில் அதன் மதிப்பு எவ்வளவு உயர்ந்திருந்தது என்பதற்கு, சிப்பான் அரசரின் கல்லறையில் கிடைத்த, பொன்னாலும் வெள்ளியாலும் செய்த கடலைக்காய் மாலையே சான்று. 16ஆம் நூற்றாண்டிலிருந்து போர்த்துக்கீசியரும் ஸ்பானியரும் அதை ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கொண்டுபோனார்கள். தென்னார்க்காட்டில் அது மணிலாக் கொட்டை என்று பெயர் பெற்று, பேச்சு வழக்கில் மல்லாட்டை ஆயிற்று. பிரான்சிஸ் புக்கானன் 1800ஆம் ஆண்டுவாக்கில் மைசூர்ச் சீமையில் பயணம் செய்தபோதே இந்தப் பயிரைக் கண்டு குறித்திருக்கிறார். ஆனால் அன்று அது மஞ்சள் கொல்லையோடு சேர்த்துப் போட்ட சில்லறைப் பயிர்தான்.

ஒரே கலப்பிலிருந்து வந்ததால் இந்தப் பயிருக்குள் குணவேறுபாடு குறைவு. அதன் காட்டு உறவுகளிடம் இருந்த நோய் எதிர்ப்பில் பெரும்பகுதி பயிருக்கு வந்து சேரவில்லை. கொடி, கொத்து என்று படரும் விதத்திலும் காயின் வடிவிலும் பல வகைகள் தெரிந்தாலும், இலையைத் தாக்கும் பூஞ்சைகளுக்கு முன்னால் அவற்றில் பெரும்பாலானவை ஏறக்குறைய ஒரே நிலையில்தான் நின்றன. பின்னால் வந்த தொல்லைகள் பலவற்றுக்கும் வேர் இங்கே இருக்கிறது.

மல்லாட்டையைப் பணப்பயிராக்கியது பிரெஞ்சு நாட்டுச் சோப்பு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகள் கடலையை வாங்கிக் குவித்தன. ஆப்பிரிக்காவின் செனகல் கடலை ஒருபுறமும் சோழமண்டலக் கடற்கரையின் கடலை மறுபுறமும் போய்ச் சேர்ந்தன. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் புதுச்சேரியிலிருந்து மார்செய்க்கு வழி வெகுவாகக் குறுகியது. புதுச்சேரியிலும் கடலூரிலும் இருந்த ஏற்றுமதிக் கம்பெனிகள் தரகர்களுக்கு முன்பணம் தந்தன. தரகர்கள் அதைக் குடியானவர்களிடம் சேர்த்தார்கள். விழுப்புரம், பண்ருட்டி, வளவனூர் வட்டாரத்துச் செம்மண் மானாவாரிக் காடுகள், கம்பும் கேழ்வரகும் விளைந்த இடங்கள், கடலைக்கு மாறின. நீர்ப்பாசனம் இல்லாத, வேறு எதுவும் நல்ல விலைக்கு விளையாத நிலத்துக்கு முதன்முறையாக ரொக்கம் வந்தது. அதனால் 1914இல் போர் மூண்டு மார்செய் வணிகம் முடங்கியபோது அடி முதலில் விழுந்ததும் அந்த நிலத்தின் மேல்தான்.

செனகலிலிருந்து கடலை தோலோடு, அதாவது காயாகவே போயிற்று. தூரம் குறைவு, காயின் பருமன் அங்கே பெரிய சுமையாகவில்லை. தமிழகத்திலிருந்து காயை ஏற்றினால் கப்பல் கூலி கட்டாது. ஆகவே இங்கே உடைத்துப் பருப்பாக அனுப்ப வேண்டியிருந்தது. உடைக்கும் வேலையைக் கிராமத்துப் பெண்கள் செய்தார்கள். காயைக் களத்தில் குவித்துத் தண்ணீர் தெளிப்பார்கள். ஓடு நனைந்து இளகியதும் கழியால் அடிப்பார்கள். உலர்ந்த காயை அடித்தால் பருப்பு இரண்டாகப் பிளக்கும், நனைந்த காயில் முழுப்பருப்பு கிடைக்கும் என்பது ஒரு காரணம். நனைந்த பருப்பு எடை கூடி நிற்கும் என்பது எவரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரணம். அந்த ஈரம் உலராமலே பருப்பு கோணிக்குள் போயிற்று. கோணி கப்பலின் அடித்தளத்துக்குப் போயிற்று. வாரக்கணக்கான பயணத்தில் மூட்டை சூடேறி, பருப்பில் பூசணம் பூத்து, எண்ணெய் காறிப்போனது. மார்செய் ஆலைகள் செனகல் காயிலிருந்து சாப்பாட்டு எண்ணெய் எடுத்தன. சோழமண்டலப் பருப்பைச் சோப்புக்குத் தள்ளின. ஒரே பயிரின் விலையில் இருந்த அந்த வேறுபாட்டுக்கு மண்ணோ விதையோ பெரிய காரணம் இல்லை. நனைந்தும் கீறியும் போன ஒரு மெல்லிய இளஞ்சிவப்புத் தோல்தான் காரணம்.

வணிகம் இப்படி வளர்ந்துகொண்டிருந்தபோது வயலில் வேறொரு சரிவு வந்தது. 1890களில் சென்னை மாகாணத்திலும் பம்பாய் மாகாணத்திலும் கடலைப் பரப்பு வேகமாகச் சுருங்கியது. நாட்டு விதை தேய்ந்துவிட்டது, விளைச்சல் இல்லை, காயில் எண்ணெய் இல்லை என்று சொன்னார்கள். மழை பொய்த்த ஆண்டுகளும் அந்தப் பத்தாண்டில் இருந்தன. ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் ஒரே பயிரைப் போட்டதும் இருந்தது. அவற்றோடு இலையில் புள்ளி விழுந்து செடி மொட்டையாகும் நோயும் சேர்ந்துகொண்டது. அதற்கு டிக்கா என்ற பெயர் நிலைத்தது. நெற்றிப் பொட்டைக் குறிக்கும் அந்த வடநாட்டுச் சொல் வேளாண்மைத் துறையின் ஏடுகள் வழியாகத் தமிழுக்கும் வந்துவிட்டது. சரிவைத் தடுத்தது வெளியிலிருந்து வந்த விதை. மொசாம்பிக்கை மூலமாகக் கொண்டு மொரீசியஸ் என்ற பெயரில் இறங்கிய கொடிக்கடலை, நாட்டு விதையின் இடத்தைச் சில ஆண்டுகளிலேயே பிடித்தது. பிறகு அதுவே சோழமண்டலக் கடலை என்ற பெயரில் வெளிநாட்டுச் சந்தையில் விற்றது. வந்தவனே ஊர்க்காரனாகிவிட்ட கதை.

புதிய விதை விளைந்ததே ஒழிய, நோய் போகவில்லை. எட்வின் ஜான் பட்லர் 1918இல் வெளியிட்ட, பயிர்நோய்கள் பற்றிய பெருநூலில் டிக்காவுக்கும் இடம் உண்டு. அப்போது இதை ஒரே பூஞ்சையின் வேலை என்று எண்ணியிருந்தார்கள். உண்மையில் இரண்டு பூஞ்சைகள் இருந்தன. ஒன்றை 19ஆம் நூற்றாண்டிலேயே பெர்க்லியும் கர்ட்டிசும் விவரித்திருந்தார்கள். மற்றொன்றை ஜப்பானியரான ஹோரி 1917இல் விவரித்தார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பணியாற்றிய நவோமி உட்ரஃப் 1933இல் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். பின்பருவ இலைப்புள்ளி, முன்பருவ இலைப்புள்ளி என்று இன்று முறையே வழங்குபவை அவைதாம்.

வயலில் இவற்றைப் பிரித்தறிய இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். முன்பருவப் புள்ளி பழுப்பு நிறம். சுற்றிலும் மஞ்சள் வளையம். பூஞ்சை வித்துகள் பெரும்பாலும் இலையின் மேற்பக்கத்தில் உண்டாகும். பின்பருவப் புள்ளி கரும்பழுப்பிலிருந்து கருப்பு வரை போகும்; வளையம் மங்கலாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. இலையின் அடிப்பக்கத்தில் அந்தக் கரும்புள்ளி சொரசொரப்பாகத் தெரியும். கை லென்ஸில் பார்த்தால் வித்துக் குவியல்கள் வட்டத்துக்குள் வட்டமாக அடுக்கியிருக்கும். முன்பருவப் பூஞ்சை, திசுக்களை முன்கூட்டியே கொன்றுவிட்டு அந்த இடத்தில் பரவுகிறது. பின்பருவப் பூஞ்சை, உயிருள்ள செல்லுக்குள் உறிஞ்சுகுழல் நீட்டிச் சத்தை எடுக்கிறது. இரண்டுக்கும் வேண்டியது ஒன்றே: 25 முதல் 30 டிகிரி வெப்பமும், இரவு முழுவதும் காயாத இலையும். ஆடியில் விதைத்த மானாவாரிக் கடலைக்குப் புரட்டாசி, ஐப்பசி மழையில் இது தவறாமல் வாய்க்கிறது. விழுது இறங்கிக் காய் திரளும் நாளில் இலை உதிரத் தொடங்கும்.

இந்த இலையுதிர்வை நோய் என்று உழவர்கள் நெடுங்காலம் கருதவில்லை. காய் முற்றினால் இலை கொட்டும் என்பதுதான் பொதுவான எண்ணம். அமெரிக்கக் குடியானவர்களும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். 1930களில் ஜார்ஜியா, அலபாமா வயல்களில் கந்தகத் தூள் தூவிய செடி அறுவடை வரை பச்சையாக நின்று கூடுதல் காய் கொடுத்தபோதுதான், உதிர்ந்த இலையோடு எவ்வளவு விளைச்சல் உதிர்ந்துகொண்டிருந்தது என்பது கணக்குக்கு வந்தது. இங்கே மானாவாரி உழவருக்குக் கந்தகம் வாங்க வழியில்லை. தண்ணீரே இல்லாத காட்டில் போர்டோக் கலவை என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளிப்பதும் நடக்கிற காரியமாக இல்லை.

அந்த உழவருக்கு வேறொரு வழி கிடைத்தது. திண்டிவனத்தில் 1930களில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. சி. எம். ஜான், சி. ஆர். சேஷாத்திரி முதலிய எண்ணெய்வித்து வல்லுநர்கள் உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த கடலை வகைகளைத் தரம்பிரித்தார்கள். அங்கிருந்து 1940இல் வந்த டி.எம்.வி. 2, வடார்க்காட்டுக் குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தெரிந்தெடுத்த வகை. சுமார் 105 நாளில் முற்றும். கொடிக்கடலைக்கு அதைவிட ஒரு மாதம் கூடுதலாக வேண்டும். கொத்துக்கடலையின் இலை இந்தப் பூஞ்சைகளுக்குக் கொடிக்கடலையின் இலையைவிட எளிதில் இரையாகும். ஆனாலும் நோய் உச்சத்துக்கு ஏறுமுன் செடியைப் பிடுங்கிவிடலாம். எதிர்த்து நிற்காமல் தப்பித்துக்கொள்ளும் உபாயம் இது. அந்த ஒரு குணத்துக்காகவும், அளவான இரட்டைப் பருப்புக்காகவும் டி.எம்.வி. 2 தென்னிந்தியா முழுவதும் பரவித் தலைமுறைகளைத் தாண்டி நின்றது. வனஸ்பதி ஆலைகள் 1930களில் எழும்பி உள்நாட்டிலேயே கடலை எண்ணெய்க்குப் பெரும் சந்தை உண்டானதும் அதற்குத் துணையாயிற்று.

தப்பித்தல் போதாது, எதிர்த்து நிற்கும் செடி வேண்டும் என்ற தேடல் முதலில் இலையின் மேற்பரப்பில்தான் தொடங்கியது. அது இயல்பானதே. பூஞ்சையின் வித்து காற்றிலோ மழைத்துளியிலோ வந்து இலைமேல் விழுகிறது, அங்கே முளைக்கிறது, முளைக்குழல் இலைப்பரப்பில் ஊர்ந்து, பெரும்பாலும் இலைத்துளை ஒன்றைக் கண்டு உள்ளே நுழைகிறது. கடலை இலைக்கு மேற்பக்கம், அடிப்பக்கம் இரண்டிலும் இலைத்துளைகள் உண்டு. மேல்தோலின்மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. இளம் இலையில் விழுந்த பனித்துளி பரவாமல் முத்தாக உருண்டு நிற்பது அதனால்தான். அடித்தோலுக்கு உட்புறமாக நீரைச் சேமிக்கும் பெரிய, நிறமற்ற செல்களின் அடுக்கு ஒன்று உண்டு. வறட்சியைத் தாங்க உதவும் அமைப்பு இது. இலை மூப்படைய அடைய மெழுகு தேய்கிறது. மழையும் தூசியும் அதை அரிக்கின்றன. பிறகு நீர் இலையில் படர்ந்து ஒட்டிக்கொள்கிறது. செடியின் அடியிலைகளில் முதலில் நோய் தோன்றி மேலே ஏறுவதற்கு, அவை மண்ணுக்கு அருகில் இருப்பதோடு இந்தத் தேய்மானத்தையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

ஆகவே துளை சிறுத்து, இலை தடித்து, மெழுகு மிகுந்திருந்தால் நோய் குறையும் என்ற கருத்து எழுந்தது. டாங்கனீக்காவில் (இன்றைய டான்சானியா) கடலை நோய்களை ஆராய்ந்த ஹெமிங்வே 1957இல் எழுதிய கட்டுரையில், எதிர்ப்பு காட்டிய வகைகளின் கரும்பச்சையான, தடித்த இலையமைப்பைச் சுட்டிக்காட்டினார். 1961இல் டிக்ரூசும் உபாத்தியாயாவும் இந்திய ஆய்விதழ் ஒன்றில், இலைத்துளையின் அளவை வைத்தே நோய் எதிர்ப்பைக் கணிக்க முடியுமா என்ற கேள்வியைத் தலைப்பாகவே வைத்தார்கள். 1967இல் மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து கிப்பன்சும் பெய்லியும், எதிர்ப்பு மிகுந்த காட்டுக் கடலை இனங்களில் துளைகள் சிறியவை என்று தெரிவித்தார்கள். இந்தக் கருத்துக்கு ஒரு நடைமுறைக் கவர்ச்சியும் இருந்தது. நோயைப் பரப்பி, மூன்று மாதம் காத்திருந்து, உதிர்ந்த இலையை எண்ணுவதற்குப் பதிலாக, நுண்ணோக்கியில் துளையை அளந்தே நல்ல விதையைத் தேர்ந்துவிடலாம் அல்லவா?

வேறு எண்ணெய்வித்துகளில் இப்படிப்பட்ட கருத்து பலித்தும் இருக்கிறது. கடுகுக் குடும்பத்து ரேப்சீடில் இலைமேல் வெண்சாம்பல் மெழுகு படர்ந்த வகைகள் உண்டு. பளபளவென்று மெழுகு குறைந்த வகைகளும் உண்டு. கனடாவில் ஸ்கோரோபாடும் திவாரியும் 1977இல் இவற்றை ஒப்பிட்டு, மெழுகு மிகுந்த இலையில் கரும்புள்ளி நோய் குறைவு என்று காட்டினார்கள். நீர்த்துளி இலையில் தங்காமல் உருண்டோடும்போது ஆல்டர்னேரியா பூஞ்சையின் வித்துகளும் அதோடு போய்விடுகின்றன. ஆமணக்கில் தண்டிலும் இலையிலும் படரும் சாம்பல் பூச்சை வைத்தே வகைகளைப் பிரிக்கும் வழக்கம் உண்டு. அங்கே சாம்பல் அழுகல் நோய் குலையைத் தாக்கும்போது, காய்கள் நெருங்கியிருந்து ஈரம் காயாத குலை முதலில் அழுகும். மேற்பரப்பு அங்கெல்லாம் காவலாக நிற்கிறது.

கடலை இலையில் அது பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அமெரிக்காவில் அப்தூ, கிரகரி, கூப்பர் மூவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு, எதிர்ப்புள்ள செடியிலும் வித்து முளைக்கிறது, உள்ளேயும் நுழைகிறது என்று காட்டியது. நுழைந்த பிறகு செல்சுவர்களில் பெக்டின் பொருள்கள் படிந்து பூஞ்சையை மேற்கொண்டு நகரவிடாமல் தடுத்துவிடுகின்றன. துளை சிறியதோ பெரியதோ, பூஞ்சையின் முளைக்குழலுக்கு அது போதுமான அகலமாகவே இருக்கிறது. இலைப்பரப்பின் குணங்கள் எத்தனை வித்து ஒட்டும், எத்தனை முளைக்கும் என்பதை ஓரளவு மாற்றலாம். ஈரமான இரவுகள் அடுத்தடுத்து வந்தால் அந்த வேறுபாடும் அடிபட்டுப்போகிறது. பின்பருவப் பூஞ்சை துளையை நம்பியும் இல்லை. மேல்தோலைத் துளைத்தே நுழையவும் அதனால் முடியும்.

துரு நோய் இதை இன்னும் தெளிவாக்கியது. ஆரஞ்சு நிறக் கொப்புளங்களாக இலையடியில் வெடிக்கும் இந்த நோய் 19ஆம் நூற்றாண்டிலேயே தென் அமெரிக்காவில் அறிமுகமானது. நெடுங்காலம் அது அமெரிக்கக் கண்டத்தைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. 1960களின் கடைசியிலிருந்து ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அது வேகமாகப் பரவியது. 1970களில் தென்னிந்தியக் கடலைக் காடுகளில் ஆண்டுதோறும் வருவதாயிற்று. இலைப்புள்ளியில் இலை உதிரும். துருவில் இலை கருகிச் சுருண்டு செடியிலேயே தொங்கும். ஜமைக்காவில் கடலைத் துருவை ஆராய்ந்த மெல்வில் குக், இலை எளிதில் நனைவதற்கும் துரு பற்றுவதற்கும் உள்ள தொடர்பைத் தனியாக ஆராய்ந்து 1980இல் எழுதினார். மேற்பரப்புக் கருத்து அதோடு கடைசியாக ஒருமுறை தலைதூக்கியது.

அதே காலத்தில் ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்சேருவில் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலக்கடலைத் திட்டம் 1976இல் தொடங்கியிருந்தது. இலைத்துளையை அளந்த அந்த கிப்பன்ஸ்தான் அதன் தலைவரானார். உலகெங்கிலுமிருந்து சேர்த்த ஆயிரக்கணக்கான விதை வகைகளைச் சுப்ரமணியம், மெக்டொனால்டு முதலியோர் நோய்க்கு நடுவே வளர்த்துச் சோதித்தார்கள். நோயை வரவழைக்க இடையிடையே நோய்க்கு எளிதில் ஆட்படும் வகையை ஒரு வரிசையாக விதைக்க வேண்டும். அந்த வரிசைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று டி.எம்.வி. 2. தமிழக உழவரின் நம்பிக்கைக்குரிய விதை, ஆய்வுத் திடலில் நோய்க்கு விருந்து வைக்கும் இலையாக நின்றது. துருவை எதிர்க்கும் வகைகளிலும், துருவே பற்றாத காட்டு இனங்களிலும்கூட வித்து முளைத்துத் துளை வழியே நுழைவதை நுண்ணோக்கி காட்டியது. துளைக்கு அடுத்துள்ள காற்றறைக்குள் போனபின் அந்தப் பூஞ்சை வளர முடியாமல் மடிந்தது. கதவு திறந்துதான் இருந்தது. காவல் உள்ளே இருந்தது.

எதிர்ப்பு மிகுந்த பயிர்வகைகள் பல, கடலையின் தாயகத்துக்கு அருகே பெரு நாட்டிலிருந்து, குறிப்பாகத் தாராப்போத்தோ வட்டாரத்திலிருந்து வந்தவை. அவற்றின் எதிர்ப்பு நோயை முற்றிலும் தடுப்பதில்லை. புள்ளிகள் குறைவாக விழும். விழுந்த புள்ளி வித்து உண்டாக்கக் கூடுதல் நாள் எடுக்கும். வித்தும் குறைவாக உதிரும். பருவம் முழுவதும் இந்தச் சிறு தாமதங்கள் கூடி அறுவடை நாளில் பெரிய வேறுபாடாகின்றன. சிக்கல் காயில் இருந்தது. பெருவின் காய்க்கு ஓடு தடிப்பு, மேலே ஆழமான வரிகள், உடைத்தால் பருப்பு விகிதம் குறைவு, பருப்பின் நிறமும் சந்தைக்குப் பிடிக்காத அடர்நிறம். உடைக்கும் ஆலைக்காரர் அதை வாங்கமாட்டார். நல்ல இலையையும் நல்ல காயையும் ஒரே செடியில் கொண்டுவர ஆண்டுகள் பல பிடித்தன. காட்டினமான கார்டெனாசியின் எதிர்ப்பைக் கலப்பின் வழியே பயிருக்குள் கொண்டுவந்ததும் இந்த முயற்சியின் பகுதி. தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.பி.பி.டி. 4 அந்த வழியில் வந்த வகை. தமிழ்நாட்டில் கோ 7 என்ற பெயரில் வந்ததும் இக்ரிசாட்டின் விதைதான்.

மேற்பரப்பின் ஆற்றல் மெய்யாகவே வெளிப்பட்ட இடம் இலையில்லை, பருப்பு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களில் செத்தன. அவை தின்ற தீவனத்தில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு இருந்தது. பிண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணமும், அது சுரந்த நஞ்சும் இருந்தன. அந்த நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரலைக் கெடுக்கும் அந்த நஞ்சு மனிதருக்கும் ஆகாது என்று தெரிந்ததும், கடலையும் பிண்ணாக்கும் ஏற்றுமதி செய்த நாடுகள் எல்லாவற்றுக்கும் புதிய சோதனை வந்தது. மார்செய்யில் காறல் எண்ணெயாகத் தெரிந்த குற்றம் இப்போது நஞ்சாகத் தெரிந்தது. பூசணம் எது, எவ்வளவு என்று மார்செய் வணிகத்தின் நாளில் எவரும் அளந்து பார்க்கவில்லை.

பருப்பின் செந்தோல் காகிதத்தைவிட மெல்லியது. வறுத்ததும் விரலில் ஒட்டி உரிந்துவிடும். அதன் வெளியடுக்குச் செல்களின் சுவர்கள் தடித்து நெருங்கி நிற்கின்றன, மேலே மெழுகு, உள்ளே டானின். பருப்பு காயோடு ஒட்டியிருந்த தழும்பு ஒன்றுதான் அதில் இயற்கையான வலுவற்ற இடம். 1973இல் அமெரிக்காவில் மிக்சனும் ராஜர்சும், பூசணத்தைத் தூவினாலும் அதைப் பரவவிடாத இரண்டு விதை வகைகளைக் கண்டறிந்தார்கள். அதே ஆண்டில் லாப்ரேட், பார்ட்ஸ், நார்டன் முதலியோர் செந்தோலின் மெழுகுப் படிவுக்கும் இந்த எதிர்ப்புக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். இந்தியாவில் குஜராத்தின் ஜுனாகட்டிலிருந்து வந்த ஜே 11 என்ற கொத்துக்கடலையிலும் இந்தக் குணம் இருப்பது இக்ரிசாட் சோதனைகளில் தெரிந்தது. நோய் எதிர்ப்புக்காகத் தேர்ந்தெடுக்காத, சாதாரணமாக வயலில் இருந்த வகை அது.

இந்தப் பாதுகாப்பு தோல் முழுதாக இருக்கும்வரைதான். ஒரு கீறல் விழுந்தாலும் எதிர்ப்பு வகையும் மற்ற வகையும் ஒன்றாகிவிடுகின்றன. பழைய ஈர உடைப்பில் தோல் ஊறி, உரிந்து, கழியடியில் கிழிந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் உடைக்கும் இயந்திரங்கள் ஊர்தோறும் வந்து, உலர்ந்த காயை உடைக்கும் முறை பரவியதும் ஈரத்தின் தொல்லை குறைந்தது. ஆனால் சல்லடைக் கம்பியில் உரசி விழும் பருப்பில் கீறலும் பிளவும் மிகுந்தன. வயலிலேயே கரையான் அரித்த காய், மண்வெட்டி பட்ட காய், முற்றிய பிறகும் பிடுங்காமல் விட்டு வெடித்த காய் ஆகியவற்றிலும் பூசணம் எளிதாக ஏறுகிறது. அறுவடைக்கு முந்திய 4 முதல் 6 வாரங்களில் மழையில்லாமல் நிலம் சூடேறினால், பருப்பு தன்னுள் சுரக்கும் எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்கும் ஆற்றலையும் இழந்துவிடும். அப்போது தோல் முழுதாக இருந்தும் பயனில்லை. ஆய்வகத்தில் வென்ற வகை வறண்ட காட்டில் தோற்பதற்கு இதுவே காரணம்.

நன்றாகக் காய்ந்த காயை உடைக்காமல் வைத்திருந்தால் பருப்புக்கு இரண்டு காவல்: ஓடும் செந்தோலும். தமிழ்நாட்டு உழவர்கள் விதைக்கடலையைக் காயாகவே மூட்டை கட்டி வைத்து, விதைப்புக்குச் சில நாள் முன்னதாக எடுத்துக் கையால் உடைத்து, தோல் கிழிந்ததையும் சுருங்கியதையும் பொறுக்கித் தள்ளி, மிச்சத்தைத்தான் விதைக்கிறார்கள். இயந்திரம் வந்து நூறாண்டு ஆகியும் விதைக்கடலைக்கு மட்டும் கையால் உடைக்கும் வழக்கம் பல ஊர்களில் இன்றும் தொடர்கிறது.